தொட்டால் மேலே போகும் ஷட்டர்

ஷட்டர் தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது நின்றது. நின்று, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு, கடகடவென்று மறுபடி மேலே ஏற ஆரம்பித்தது.

"இதென்னடி கூத்து?" என்றாள் அக்கா. அப்போதுதான் அதற்கடியில் குனிந்து வெளியே வந்து, நடைபாதையில் நின்று கைப்பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் வாசலைக் குனிந்து பார்த்தாள். சற்று முன்னால் அவளே பெருக்கிய தரை. ஒரு டப்பா மூடியோ, உதிர்ந்த பிரஷ் மயிரோ, காகிதத் துண்டோ எதுவும் கிடையாது. ஷட்டர் எதன்மீதோ பட்டுத்தான் திரும்பியிருக்கிறது, ஆனால் படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அது அக்காவும் தங்கையும் நடத்தும் பெயிண்ட் கடை. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர்கள் பெரியவள், சின்னவள். அப்பா போய், அம்மாவும் போய், கல்யாணம் என்று வந்த பேச்சுகள் எல்லாம் காபி குடித்துவிட்டு எழுந்து போன பிறகு, அவர்களுக்கு மிச்சம் இந்தக் கடையும் ஒருத்திக்கு ஒருத்தியும்தான். அக்காவுக்கு எதற்கும் பயம் கிடையாது. வீட்டில் பயப்படுகிற வேலை மொத்தத்தையும் சின்னவளிடம் ஒப்படைத்துவிட்டு அவள் நிம்மதியாக இருந்தாள்.

கனமான பழைய ஷட்டருக்கு மோட்டார் போட வைத்தது அக்காதான். வெளிச்சுவரில் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் ஒன்று உண்டு. போன மழையில் அதற்குள் தண்ணீர் போய்விட்டது. திறக்கிற பக்கம் திருப்பினால் ஷட்டர் திறக்கும், மூடுகிற பக்கம் திருப்பினால் ஒரு சத்தமும் வராது. அதிலிருந்து கடை மூடுவது ஒரு தனி வித்தை. அக்கா உள்ளே போய்ச் சுவரில் இருக்கும் பட்டனை அழுத்துவாள். ஷட்டர் ஆடி அசைந்து இறங்கும். அவள் அதைவிட ஆடி அசைந்து நடந்து வந்து, கடைசி நேரத்தில் குனிந்து வெளியே வருவாள். கடைக்குப் பின்வாசல் கிடையாது. சின்னவள் முன்னாலேயே வெளியே வந்து, பூட்டைப் பிடித்துக்கொண்டு, தினமும் செத்துப் பிழைப்பாள்.

அப்படிக் குனிந்து வருவதற்குத் தைரியம் கொடுத்தது ஷட்டரின் அடியில் ஓடும் கறுப்பு ரப்பர் பட்டைதான். அது எதன்மீது பட்டாலும் ஷட்டர் நின்று மேலே போய்விடும். மோட்டார் ஷட்டர் வைத்த கடைகளில் அந்த ரப்பர் எப்போதும் வேலை செய்ய வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதை ஓட்டவே கூடாது என்பது சட்டம். அக்காவைக் கேட்டால் சட்டமெல்லாம் அடுத்த மாதம்.

அன்று அக்கா மறுபடி உள்ளே போய் அழுத்திவிட்டு வந்தாள். இரண்டாவது முறை ஷட்டர் ஒழுங்காக இறங்கியது.

மறுநாளும் நின்றது. இந்த முறை முழங்கால் உயரத்தில். அதற்கடுத்த நாள் மழை வரும்போல் காற்று கனத்து, தெருவிளக்கு எரிவதா வேண்டாமா என்று கண்ணைக் கொட்டிக்கொண்டிருந்த அந்திநேரத்தில், பக்கத்துப் போட்டோ கடைக்காரர் தன் கடையை மூடிவிட்டுப் போய்விட, உள்ளே கலர் கலக்கும் மெஷின் அணைந்த பிறகும் தின்னர் வாடை மட்டும் வாசல்வரை வந்து நிற்க, ஷட்டரின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி இறங்கும் அந்த நீளமான சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற சின்னவள், அக்கா குனிந்து வந்து நிமிர்ந்த பிறகு அது இடுப்பு உயரத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. ஷட்டர் எப்போதும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். அக்காவும் எப்போதும் ஒரே இடத்தில்தான் குனிவாள். அப்படியானால் ஷட்டர் தாழ்வாக நின்றால், தொட்டது அக்காவுக்கு ரொம்பப் பின்னால் வந்திருக்கிறது. உயரத்தில் நின்றால், சீக்கிரமே வந்திருக்கிறது. முதல் நாள் ஒரு சாண். பிறகு முழங்கால். பிறகு இடுப்பு. அக்காவுக்குப் பின்னால் உள்ளேயிருந்து யாரோ வெளியே வருகிறார்கள். நாளுக்கு நாள் கிட்டத்தில் வருகிறார்கள். சின்னவள் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் ஒருவருக்கு வெளிர் நீலம் கலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அதைச் சொல்ல முடிந்தது. அக்கா கேட்டுவிட்டு டப்பாவை மெஷினில் வைத்துக் குலுக்கினாள்.

"எம் பின்னாடியே வர்றதுக்கு ஒருத்தன் இருக்கான்னு இப்பவாவது சொன்னியே. ஆளு எப்படி, பாக்க லட்சணமா இருப்பானா?"

"விளையாடாத அக்கா. எனக்கு வயித்தக் கலக்குது."

"உனக்கு எப்பத்தான் கலக்கல? சரி, முகத்த அப்படி வச்சிக்காத. ஷட்டர்காரர வரச் சொல்றேன், போதுமா?"

ஷட்டர்காரர் சாயங்காலம் வந்தார். மோட்டார் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார், ஒயரை இழுத்துப் பார்த்தார், வாசலில் ஒரு மரக்கட்டையை வைத்து ஷட்டரை இறக்கினார். ரப்பர் கட்டையைத் தொட்டது, ஷட்டர் நின்றது, மேலே போனது. கட்டையை எடுத்துவிட்டு இறக்கினார். நேராகத் தரைக்கு வந்தது. எத்தனை தடவை செய்தாலும் அப்படியே.

"ரப்பர் நல்லாத்தான் இருக்கு, ஒயரும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் திரும்புது?" என்றாள் அக்கா.

"எதையோ தொட்டா திரும்பும்மா. அதுக்குத்தான் அத வச்சிருக்கு." அவர் செத்துப்போன சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். "இது போயி எத்தன நாளாச்சு? அப்ப எப்படி மூடுறீங்க?"

அக்கா சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கடை உங்க பேர்ல இருக்கு. இத நல்லபடியா வச்சிக்க வேண்டியது சட்டப்படி உங்க பொறுப்பு. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா உங்களத்தான் பிடிப்பாங்க. உள்ள அழுத்திட்டுக் குனிஞ்சு ஓடிவர்றதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

"ஓடியெல்லாம் வர மாட்டேன், நடந்துதான் வருவேன். இருங்க, பாருங்க."

அக்கா உள்ளே போனாள். பட்டன் சத்தம். ஷட்டர் இறங்கியது. அவள் நடந்து வந்தாள், குனிந்தாள், வந்தாள். அவள் முதுகு வெளியே வந்ததும் ஷட்டர் நின்றது. அவள் முதுகுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளிகூட இல்லை. அக்கா சட்டென்று நிமிர்ந்து பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

ஷட்டர் மேலே போவதற்குள் ஷட்டர்காரர் கையை நீட்டி ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை உடனே எடுத்து, பேண்டில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"என்னங்க?" என்றாள் சின்னவள்.

"சூடா இருக்கு."

"மோட்டார் சூடா இருக்கும்."

"மோட்டார் மேல இருக்கும்மா. இது கீழ." அவர் ஏணியை மடக்க ஆரம்பித்துவிட்டார். 

"அந்த ரப்பர கழட்டி விட்டுட்டுப் போங்களேன்," என்றாள் அக்கா. "சனியன் ஒழியட்டும்."

"அது மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. அத எடுத்துட்டா ஷட்டருக்குக் கண்ணு போயிரும். அப்புறம் கீழ எது இருந்தாலும் அது நிக்காது." அவர் அக்காவைப் பார்க்காமல், சின்னவளைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குப் புதுச் சுவிட்ச் கொண்டாரேன். வெளிய நின்னே மூடிக்கலாம். அதுவரைக்கும் பெரியம்மாவ உள்ள விடாதீங்க."

"பெரியம்மாவா? நானா?" என்று அக்கா அவர் வண்டி திரும்பும்வரை திட்டிக்கொண்டிருந்தாள். அன்று கடையை மூடவே வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மத்தியானத்திலிருந்து மழை. தெருவில் இருந்த கடைகள் ஒவ்வொன்றாகச் சீக்கிரமே மூடிவிட்டன. தண்ணீர் தேங்கிய நடைபாதையில் விளக்கு வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஓடை நாற்றமும் தின்னர் நாற்றமும் கலந்து அடித்தது.

"இன்னிக்கு நான் அழுத்துறேன்," என்றாள் சின்னவள்.

"நீயா? கால் தடுக்கி அங்கயே விழுவ."

"நான்தான் அழுத்துவேன். நீ வெளிய போ."

அவள் இப்படிப் பேசி அக்கா பார்த்ததில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியே போனாள், போகும்போது, "மகாராணி உத்தரவு," என்று முணுமுணுத்தாள். போட்டோ கடையின் தகரக் கூரைக்கடியில் போய் ஒதுங்கி நின்றாள். அங்கிருந்து இவர்கள் கடை வாசலுக்கு ஏழெட்டு அடியாவது இருக்கும்.

சின்னவள் பட்டனை அழுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்க்காமல், டப்பா அடுக்குகளுக்கு நடுவில், இருட்டில் ஏதாவது மூச்சு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, வேகமாக நடந்து வெளியே வந்தாள். ஒன்றும் தொடரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

ஷட்டர் நின்றது. மேலே போனது.

அவள் குனியவேண்டிய அவசியம்கூட வந்திருக்கவில்லை. ஷட்டர் அவ்வளவு உயரத்திலேயே நின்றுவிட்டது. மறுபடி போய் அழுத்தினாள். மறுபடி அதே உயரம். அவள் தலைக்கு மேலே நாலு விரற்கடை. இந்த உயரத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. கூரைக்கடியில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா அவளைவிட நாலு விரற்கடை உயரம்.

"என்னடி, போகமாட்டேங்குதா?" அக்கா அலுத்துப்போய்ப் போட்டோ கடைப் படியில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ அழுத்திப் பாரு."

சின்னவள் அழுத்திவிட்டு வந்தாள். ஷட்டர் இறங்கியது. பழைய உயரத்தைத் தாண்டி இறங்கியது. அவள் தோள், அவள் இடுப்பு. அங்கே நின்றது. உட்கார்ந்திருந்த அக்காவின் தலை எங்கே இருந்ததோ, அந்த உயரம்.

சின்னவள் மேலே ஏறப்போன ஷட்டரின் ரப்பரில் கையை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது, ஜுரம் வந்த நெற்றிபோல. விரலில் ஒரு முடி சிக்கியது. சுருட்டை முடி, அடியில் நரைத்து நுனியில் சாயம் போட்டது.

"பாத்தியா, இப்ப கொஞ்சம் கீழ வந்திருக்கு," என்று அக்கா எழுந்து வந்தாள். "ரப்பர்தான் கோளாறு. ஸ்க்ரூடிரைவர எடு."

"அக்கா, வேணாம். அது உன்னத்தான் தொடுது."

"என்னது?"

"நீ எங்க நின்னாலும் அது உன் தலையத் தொடுது. இத்தன நாளா உன் பின்னாடி வந்தது இப்ப பின்னாடி இல்ல. உங்கிட்டயே வந்திருச்சு. தொட்டதும் அது மேல போயிருது, அதனாலதான் நீ நல்லா இருக்க. ரப்பர எடுக்காத, உன் கால்ல விழறேன்." அவள் முடியைக் காட்டினாள்.

அக்கா முடியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகத்தில்கூட ஏதோ ஓடியது. பிறகு அதை ஊதிவிட்டாள். "தினமும் அதுக்கடியிலதான குனிஞ்சு வர்றேன். ஒட்டாம என்ன செய்யும்?"

"கடை தெறந்தே கெடக்கட்டும். நான் இங்கயே ஒக்காந்து காவல் இருக்கேன்."

"இந்த மழையிலயா? உன்ன விட்டுட்டு நான் போயிருவேனா, லூசு." அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கை எப்போதும்போல் தின்னர் வாடை அடித்தது. "இன்னிக்கு ஒரு நாள். நாளைக்கு அந்தாளு வந்து எல்லாத்தையும் மாத்திடட்டும். போயி தள்ளி நில்லு."

சின்னவள் அவள் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அக்கா அதை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டன் இருக்கும் சுவர்ப் பெட்டியின் மூடி கழன்று விழும் சத்தம் கேட்டது. ரப்பரிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் பிடுங்கி, அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பியைச் செருக வேண்டியதுதான். பல கடைகளில் செய்வது. அதன்பிறகு ஷட்டர், கீழே ஒன்றுமே இல்லை என்று எப்போதும் நம்பிக்கொண்டிருக்கும்.

பட்டன் சத்தம்.

ஷட்டர் இறங்க ஆரம்பித்தது. அக்கா நடந்து வந்தாள், குனிந்தாள், வெளியே வந்தாள். வந்ததும் சின்னவள் அவளை இழுத்துக்கொண்டு நடைபாதையின் ஓரம்வரை போனாள். வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு வண்டி நிறுத்தலாம். அக்கா சிரித்தாள்.

"பாரு, இறங்குது."

இறங்கியது. சின்னவள் அக்காவின் தலையைப் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள். தலை. ஷட்டர். இன்னும் ஒரு தகடு. இன்னும் அரைத் தகடு.

ஷட்டர் நிற்கவில்லை.

"ஏய்," என்றாள் அக்கா. "தலையில யாருடி கைய வைக்கிறது?"

யாரும் வைக்கவில்லை. அக்காவின் கழுத்து தோளுக்குள் இறங்கியது. முட்டி மடங்கியது. அவள் கையைத் தூக்கித் தலைக்குமேல் துழாவினாள். கையும் மடங்கியது. மோட்டார் முனகியது. அங்கே வெறும் வாசலில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஷட்டரின் தகடுகள் பிதுங்கி வளைந்தன. வளைந்தபடியே இறங்கின.

"அக்கா!"

சின்னவள் ஓடிப்போய் ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். ரப்பர் கொதித்தது. அவள் கத்தினாள். தெருவில் யாரும் இல்லை. இடுப்பு உயரம். பின்னால் அக்காவிடமிருந்து மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். முழங்கால் உயரம்.

சாவி.

திறக்கிற பக்கம் வேலை செய்யும். சாவி அக்காவின் பையில். அவள் திரும்பி ஓடினாள். அக்கா நடைபாதையில் சுருண்டு, கன்னம் தண்ணீரில் அழுந்தி, ஒரு கண் மட்டும் அவளையே பார்க்கக் கிடந்தாள். பை அவளுக்கடியில். இழுத்தாள். வரவில்லை. அடித்து, பிடுங்கி, ஜிப்பைக் கிழித்து, சீப்பு, சில்லறை, சாவி. சுவர்ச் சுவிட்சில் சாவித்துளை கிடைக்கவில்லை. விரல் வழுக்கியது. கிடைத்தது. திருப்பினாள்.

ஷட்டர் நின்றது. தரைக்கு ஒரு சாண்.

பிறகு மேலே ஏற ஆரம்பித்தது.

சின்னவள் திரும்பினாள். அக்கா எழுந்துகொண்டிருந்தாள். கையை ஊன்றவில்லை, ஆனால் எழுந்தாள். முதலில் தலை, பிறகு முதுகு, பிறகு மடங்கிய முட்டி மெல்ல மெல்ல நீண்டது. மூச்சு வந்தது. உயிர் இருக்கிறது! "அக்கா, அக்கா" என்று அழுதுகொண்டே ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள். உடம்பு சூடாக இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது, இனி இந்தக் கடையே வேண்டாம், ரெண்டு பேரும் எங்கேயாவது போய் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்கா நேராக நின்றாள். அவளுடைய முழு உயரத்துக்கு நின்றாள்.

ஷட்டர் அந்த உயரத்தைத் தாண்டி ஏறியது.

நசுக்கிய ரப்பர் இப்போது தலையில் ஒட்டிக்கொண்டு இழுப்பதுபோல், கட்டிப்பிடித்திருந்த சின்னவளின் கைக்குள் அக்கா நகர்ந்தாள். மேலே. தோளில் இருந்த கை அவள் இடுப்புக்கு வந்தது. சின்னவள் இறுக்கிப் பிடித்தாள். இடுப்பு நழுவியது. தொடை.

"சின்னவளே," என்றது மேலிருந்து அக்காவின் குரல், "விட்டுடாதடி."

அவள் விடவில்லை. மண்டியிட்டு விழுந்து, ஈரச் செருப்போடு அந்த இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். குதிகால் தரையைவிட்டுத் தூக்கியது. பிறகு விரல்கள். ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது. ஷட்டர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.